பின் சீட் பாத்தாச்சு

ஹலினா: ...அதனாலதான் நேர்லயே வந்துட்டேன். போன் பண்ணா நீங்க வெச்சுடறீங்க.

இர்யா: நாலு தடவை வெச்சேன். அஞ்சாவது தடவை ஆளே பஸ்ஸுல ஏறி வந்து நிக்குது. கதவைச் சாத்து தாயே, வெளிய மைனஸ் முப்பத்தொண்ணு. பூட்ஸைத் தட்டிட்டு ஏறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களே தட்டிட்டுத்தான் ஏறுதுங்க.

ஹலினா: சாரி. நான் எங்க உக்காரட்டும்?

இர்யா: முதல் சீட்டு. வம்பு பண்றதுங்களை நான் அங்கதான் உக்கார வைப்பேன்.

ஹலினா: மிசஸ் கொஸ்கெலா, நான் வம்பு பண்ண வரல.

இர்யா: எல்லாப் பிள்ளையும் ஏறும்போது அப்படித்தான் சொல்லும். ரெண்டே முக்காலுக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். இப்ப ரெண்டு பத்து. வினிபெக்லேருந்து எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கே. என்ன வேணும், சொல்லு.

ஹலினா: ஒரு கையெழுத்து.

இர்யா: அவ்வளவுதானா?

ஹலினா: அவ்வளவுதான். இது சம்மதப் படிவம். 'கடைசி சீட்' இணையக் குழுவை நடத்தறவங்கன்ற முறையில, குழுவுல எழுதினதை ஆய்வுக்கு எடுத்துக்க நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு...

இர்யா: நான் ஒத்துக்கலையே.

ஹலினா: இப்ப ஒத்துக்கலாம்ல?

இர்யா: கட்டுரை வந்து அஞ்சு மாசம் ஆச்சு. பேப்பர்லயும் போட்டாச்சு. இப்ப வந்து 'எடுத்துக்கட்டுமா'ன்னு கேக்கறே. அடுத்தவங்க பை வேணும்னா முன்னாடியே கேட்டுட்டு எடு, பிள்ளைங்க கிட்ட தினமும் இதைத்தான் சொல்றேன்... ஏய், தேதி போட்டே வெச்சிருக்கே! போன வருஷத்துக்கு முந்தின மார்ச்சா?

ஹலினா: அது... ஆய்வு தொடங்கின தேதி.

இர்யா: இன்னைக்கு ஜனவரி, டாக்டரம்மா.

ஹலினா: தெரியும்.

இர்யா: நான் என்னத்தை ஞாபகம் வெச்சுக்கறேன், என்னத்தை மறக்கறேன்னு ஒரு சந்தேகமா? எங்க வீட்டுல மறதி என் புருஷனுக்கு. எனக்கில்ல.

ஹலினா: பாருங்க, வெளிப்படையா சொல்லிடறேன். பல்கலைக்கழகத்துல நெறிமுறைக் குழு விசாரிக்குது. வர்ற வியாழக்கிழமை கூடுது. இந்தக் காகிதம் இல்லைன்னா கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லுவாங்க. என் வேலையும்... சந்தேகம்தான்.

இர்யா: ஆங். இப்பத்தான் உண்மை வண்டி ஏறுது.

ஹலினா: இந்தக் கட்டுரை நல்லதுக்குத்தான் எழுதினேன். மறதி நோய்க்காரங்களை வீட்டுல வெச்சுப் பாத்துக்கறவங்க என்ன பாடு படறாங்கன்னு யாருக்குத் தெரியும்? அமைச்சரோட ஆளுங்க படிச்சிருக்காங்க. பகல் மையங்கள் கூட்டணும்னு பேச்சு வந்திருக்கு.

இர்யா: வரட்டும், நல்லது. படிச்சேன் நானும். அம்பத்தெட்டு பக்கம். பதினாலாம் பக்கத்துல விழுந்து விழுந்து சிரிச்சேன்.

ஹலினா: பதினாலா? அங்க சிரிக்க என்ன இருக்கு?

இர்யா: 'பின் சீட் பாத்தாச்சு.' பழைய பதிவெல்லாம் சேத்து இந்த வரி நானூத்திப் பன்னெண்டு தடவை வருதுன்னு எண்ணியிருக்கே. எண்ணிட்டு என்ன எழுதினே? நீயே சொல்லு.

ஹலினா: ...'வடபகுதி மக்களின் சமயம் சார்ந்த நன்றி அறிவிப்பு.'

இர்யா: சமயம்! அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு லூதரன் சபை வரைக்கும் போயிட்டே.

ஹலினா: தினமும் ஒரே நேரத்துல, ஒரே வரி. யார் பாத்தாலும் பிரார்த்தனைன்னுதான்...

இர்யா: நான் பஸ் ஓட்டறவ. கடைசி நிறுத்தம் முடிஞ்சதும் எஞ்சினை நிறுத்தினா ஒரு அலாரம் அடிக்கும். நடந்து போய், ஒவ்வொரு சீட்டாப் பாத்து, பின்னால இருக்கற பொத்தானை அமுக்கினாத்தான் நிக்கும். எந்தப் பிள்ளையும் தூங்கிப் போய் வண்டியிலயே கிடந்துடக் கூடாதுன்னு. குழுவுலயும் அதே சட்டம். பதில் இல்லாத பதிவு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. தினமும் எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டு அந்த வரியைப் போடுவோம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.

ஹலினா: கேட்டிருந்தா எல்லாரும் ஜாக்கிரதையா எழுத ஆரம்பிச்சிருப்பாங்க. இயல்பா இருக்காது.

இர்யா: எல்லாத் திருடனும் அதைத்தானே சொல்லுவான்? கதவைத் தட்டினா வீட்டுக்காரங்க முழிச்சுக்குவாங்க...

ஹலினா: திருட்டுன்னு சொல்லாதீங்க! பேரெல்லாம் மாத்தினேன். ஊர் மாத்தினேன். வயசைக் கூட நாலஞ்சு வருஷம் தள்ளிப் போட்டேன்.

இர்யா: ரேடியோவை மாத்தினியா?

ஹலினா: ...என்ன ரேடியோ?

இர்யா: தெரியாத மாதிரி கேக்கறே பாரு. கெனோரா ஊர் டெல்ஃபின். அவ புருஷன் ஆல்பன், ரேடியோவுல செய்தி படிக்கறவருக்கு தினமும் குட்நைட் சொல்லிட்டுத்தான் படுப்பார். அந்த ஆள் வேலையை விட்டுப் போனதும் ஆல்பன் குழந்தை மாதிரி அழுதார். அன்னையிலேருந்து டெல்ஃபின் பக்கத்து ரூம்ல நின்னு, குரலை மாத்தி, செய்தி படிச்சா. அவர் குட்நைட் சொல்ற வரைக்கும். இதுக்கு எந்தப் பேரை வெச்சா என்ன? எந்த ஊரை வெச்சா என்ன? கால்கரில இருக்கற அவரோட மூத்த தாரத்துப் பொண்ணு பேப்பரைப் பிரிச்சா, 'ஐயோ, இது எங்கப்பா'ன்னா.

ஹலினா: அது எனக்கு... பின்னாடிதான் தெரிஞ்சது.

இர்யா: அடுத்த பத்தியையும் படிச்சா அந்தப் பொண்ணு. 'ஒருநாள் அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, கார்ல போய் உக்காந்து ஆறு டோனட் தின்னேன். இவர் செத்தா தேவலைன்னு நினைச்சேன்.' வார்த்தைக்கு வார்த்தை போட்டிருக்கே. எங்க நூத்து நாப்பது பேர் முன்னாடி அழுதுக்கிட்டே சொன்னது அது. நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? 'ஆறுதானா? நான் பன்னெண்டு தின்னேன்'னோம். அவ சிரிச்சா. அந்தச் சிரிப்பை உன் கட்டுரையில காணோமே?

ஹலினா: இட வரம்பு...

இர்யா: அந்தப் பொண்ணு வக்கீலை வெச்சு அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டா. உன் கட்டுரையை மனுவோட சேத்து நீட்டியிருக்கா. நாப்பத்தொண்ணாம் பக்கம், மஞ்சள் கோடு போட்டு. டெல்ஃபினுக்கு இப்ப அவரைப் போன்ல பாக்கக்கூட அனுமதி இல்ல. அவர் அங்க யாருக்கு குட்நைட் சொல்றாரோ.

ஹலினா: எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா, அதுக்கும் இந்தக் கையெழுத்துக்கும்...

இர்யா: சம்பந்தம் இருக்கு. கட்டுரை வாபஸ் ஆனா அந்த மஞ்சள் கோட்டுக்குப் பலம் குறையும்னு டெல்ஃபினோட வக்கீல் சொல்றார். நான் கையெழுத்துப் போட்டா உன் கட்டுரை நிக்கும். போடலைன்னா டெல்ஃபினுக்கு ஒரு வழி பிறக்கும். அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குப் புரியும் இது.

ஹலினா: சட்டப்படி பாத்தா, அது ஒரு திறந்த இடம் மாதிரிதான், மிசஸ் கொஸ்கெலா. யார் வேணா வந்து சேரலாம்.

இர்யா: யார் வேணா இல்ல. சேர வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறோம். 'யாரைப் பாத்துக்கறீங்க?' அதுக்குப் பதில் சொன்னாத்தான் கதவு திறக்கும். நீ என்ன பதில் சொன்னே?

ஹலினா: நான் சேரல. என் உதவியாளர் ஒருத்தர் சேந்தார். இப்ப வேலையை விட்டுட்டார்.

இர்யா: பேரு?

ஹலினா: அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல.

இர்யா: அடேயப்பா, அந்தப் பேரை மட்டும் பத்திரமா வெச்சிருக்கே.

ஹலினா: மிசஸ் கொஸ்கெலா... இதைச் சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். நீங்களும் சுத்தம் இல்ல.

இர்யா: குளிச்சிட்டுத்தான் வந்தேன்.

ஹலினா: வெர்லா.

இர்யா: ...வெர்லாவுக்கு என்ன?

ஹலினா: குழுவுல எல்லாருக்கும் முதல் ஆளா பதில் எழுதற வெர்லா. எழுத்தை அலசிப் பாக்கற மென்பொருள்ல போட்டேன். ஒரே ஆள் இல்ல, குறைஞ்சது மூணு பேர் எழுதறாங்கன்னு வந்தது. அப்படி ஒரு பொம்பளையே கிடையாது. நீங்க நூத்து நாப்பது பேரை ஏமாத்திக்கிட்டிருக்கீங்க. வியாழக்கிழமை என்னைக் கேள்வி கேட்டா, நான் இதையும் சொல்ல வேண்டி வரும்.

இர்யா: மிரட்டறியா?

ஹலினா: நிலைமையைச் சொல்றேன்.

இர்யா: எதுக்கு வியாழக்கிழமை வரைக்கும்? என் போன் எங்க... இந்தா, இப்பவே போடறேன். 'வெர்லான்னு யாரும் இல்ல. நான், ஹெர்ஸ்ட்ல இருந்த ஓடில், இன்னொருத்தி, மூணு பேரும் முறை வெச்சு எழுதினோம். ஓடில் போன வருஷம் தவறிட்டா. புருஷனைக் குளிப்பாட்ட எழுந்த ஒருத்தி விடியக்காலம் எழுதினா, அதுக்கு யாராவது முழிச்சிருந்து பதில் போடணும். அதுக்குத்தான் வெர்லா. கோவம் இருந்தா திட்டுங்க. இர்யா.' போட்டாச்சு.

ஹலினா: நீங்க... யோசிக்கவே இல்லையா?

இர்யா: யோசிச்சிட்டு ஓட்டினா ஐஸ்ல வண்டி சறுக்கும். பாரு, அதுக்குள்ள பதில் வந்து போன் மணி அடிக்குது. படிக்கட்டுமா? 'தெரியுமே. செவ்வாய்க்கிழமை வெர்லா மட்டும்தான் கெட்ட வார்த்தையில திட்டுவா.' அடுத்தது... 'ஓடிலுக்காக மெழுகுவத்தி ஏத்தினப்பவே தெரியும். ரெண்டு மாசம் வெர்லாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு.' ஹா! இன்னும் ஏதாவது வெச்சிருக்கியா கைவசம்? அதையும் எடு. இல்லையா? அப்ப என் முறை. உன் ஊர்ப்பக்கம் ஒருத்தி இருந்தா. க்வென். புருஷன் பேரு ஸ்டான். எட்டு மாசம் எங்க குழுவுல இருந்தா.

ஹலினா: அப்படியா.

இர்யா: பிரமாதமா எழுதுவா. ஸ்டான் எல்லாத்தையும் ஒளிச்சு வெக்கற ஆளு. பல்செட்டைக் கழட்டி மாவு டப்பாவுல போட்டு மூடிட்டு, திருடன் வந்துட்டான்னு போலீஸைக் கூப்பிட்டானே...

ஹலினா: சர்க்கரை டப்பா.

இர்யா: என்ன சொன்னே?

ஹலினா: நான்... கட்டுரைக்காகப் படிச்சப்ப...

இர்யா: கட்டுரையில க்வென் இல்லவே இல்ல, கண்ணு. அம்பத்தெட்டு பக்கமும் படிச்சேன்னு சொன்னேன்ல? வேலையை விட்டுட்ட உதவியாளர்!

ஹலினா: சரி. நான்தான். போதுமா? உள்ள வராம எப்படிப் புரிஞ்சுக்கறது? உக்காந்து வேடிக்கை மட்டும் பாத்தா உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். அதனால அப்பப்ப எழுதினேன்.

இர்யா: அந்த வருஷம் நவம்பர்ல ஸ்டான் செத்துட்டான்னு எழுதினே.

ஹலினா: ஆய்வு முடிஞ்சது. வெளிய வர ஒரு வழி வேணுமே.

இர்யா: அதுக்கு ஒரு ஆளைச் சாகடிக்கணுமா? 'குழுவை விட்டு விலகு'ன்னு பொத்தான் இருக்கு. தெரியாதா?

ஹலினா: சும்மா போனா எல்லாரும் தேடுவீங்கன்னு நினைச்சேன்.

இர்யா: தேடினோம். நூத்து நாப்பது வீட்டுல மெழுகுவத்தி ஏத்தினோம். நீ பதிலே போடல. தனியா கிடக்கறாளேன்னு, நான் என் புருஷன் ரைனோவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, ரெண்டு இனிப்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு, பனிப்புயல்ல எழுநூறு கிலோமீட்டர் வினிபெக்குக்கு ஓட்டினேன். ஈமக்கூடம் ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். ஒன்பது. 'ஸ்டான்னு யாரும் வரலையே அம்மா.' ஒன்பதாவது இடத்துல இருந்த ஆளு எனக்கே மறதின்னு நினைச்சு, நாற்காலி போட்டு, வீட்டு நம்பர் கேட்டான்.

ஹலினா: நீங்க... வந்தீங்களா?

இர்யா: வந்தேன். ரொட்டியை அவனுக்கே குடுத்துட்டு வந்தேன்.

ஹலினா: எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

இர்யா: கேட்டாத்தானே தெரியும். நீதான் யாரையும் எதையும் கேக்கறதே இல்லையே.

ஹலினா: மிசஸ் கொஸ்கெலா, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். எழுதியே தர்றேன். ஆனா பன்னெண்டு வருஷம் படிச்சிருக்கேன். ஒரு கையெழுத்துல எல்லாம் போயிடும். கெஞ்சிக் கேக்கறேன்...

இர்யா: மணி என்ன?

ஹலினா: ரெண்டு முப்பத்தெட்டு.

இர்யா: கிளம்பணும். இரு, எஞ்சினை ஒருதரம் நிறுத்திப் போடறேன், ஹீட்டர் முனகுது.

ஹலினா: ஐயோ, என்ன சத்தம் இது?

இர்யா: சொன்னேனே, அலாரம். எனக்கு முட்டி வலி. நீ போய்ப் பின்னால இருக்கற சிவப்புப் பொத்தானை அமுக்கு. போறப்ப ரெண்டு பக்கமும் சீட்டைப் பாத்துக்கிட்டே போ. நானூத்திப் பன்னெண்டு தடவை எண்ணினவளாச்சே, ஒரு தடவை செஞ்சும் பாரு.

ஹலினா: காலியாத்தானே இருக்கு!

இர்யா: முதுகு உசரமான சீட்டு. முன்னாடி உக்காந்தவங்களுக்கு எல்லா வண்டியும் காலிதான். நடந்து பாரு.

ஹலினா: பூச்சி மாதிரி காதைக் குடையுது... எங்க இருக்கு பொத்தான்... யாரு! யாரு அது?

டெல்ஃபின்: நானே அமுக்கிட்டேன். கை எட்டற தூரம்தான்.

ஹலினா: நீங்க... கம்பளியைப் போத்திக்கிட்டு... எவ்வளவு நேரமா இங்க...

டெல்ஃபின்: நீ பூட்ஸைத் தட்டினதுலேருந்து. டெல்ஃபின். கெனோரா. நாப்பத்தொண்ணாம் பக்கம்.

இர்யா: ஆல்பனைக் கூட்டிட்டுப் போனதுலேருந்து என் வீட்டுலதான் இருக்கா. தனியா இருக்க பயந்துக்கறா. அதான் பஸ்ஸுலயே கூட்டிக்கிட்டு சுத்தறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழியும். இதையும் எழுதிக்கோ.

ஹலினா: இது அநியாயம். ஆள் இருக்காங்கன்னு சொல்லவே இல்ல. நான் பேசினதை எல்லாம் ஒளிஞ்சு கேட்டுக்கிட்டு... எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம!

டெல்ஃபின்: வலிக்குதா? நான் அரை மணி நேரம் கேட்டேன். நீ எட்டு மாசம் கேட்டே.

இர்யா: சபாஷ்!

டெல்ஃபின்: சும்மா இரு இர்யா. நான் பேசிக்கறேன். பொண்ணே, அந்தக் காகிதத்தைக் குடு.

ஹலினா: நீங்க கையெழுத்துப் போடறீங்களா?

டெல்ஃபின்: குடு சொல்றேன்... இந்த இடத்துல, இங்க. 'சம்மதம் இல்லை. டெல்ஃபின்.' இன்னைக்குத் தேதி. வியாழக்கிழமை உன் குழு முன்னாடி இதைக் கொண்டு போய் வை. ஒளிக்காதே. நகலை நானும் அனுப்புவேன். வார்த்தை என்னுது. அழுகை என்னுது. பூட்டினதும் நான், டோனட் தின்னதும் நான். நீதிபதி கேட்டா அவர்கிட்ட நானே சொல்லுவேன், தலையை நிமித்தி. உன் வாயால வேணாம்.

ஹலினா: ...சரி.

டெல்ஃபின்: இன்னும் முடிக்கல. உக்காரு, என் பக்கத்துல. செவ்வாய்க்கிழமை வெர்லா யாருன்னு தெரியுமா?

ஹலினா: இர்யா சொல்லல... நீங்களா?

டெல்ஃபின்: க்வெனுக்கு அதிகமா எழுதினது நான்தான். ஸ்டான் ஒருநாள் அவளைப் பாத்து 'நீ யாரு, என் பொண்ணு மாதிரியே இருக்கியே'ன்னு கேட்டான்னு எழுதியிருந்தா. ரெண்டு மணி நேரம் அவளுக்குப் பதில் எழுதினேன். ஞாபகம் இருக்கா?

ஹலினா: இருக்கு.

டெல்ஃபின்: புருஷன் பொண்டாட்டியைப் பாத்து எதுக்கு 'பொண்ணு மாதிரி'ன்னு சொல்லணும்னு அப்பவே தோணிச்சு. ஏதோ குழப்பம்னு விட்டுட்டேன். இப்பக் கேட்டேனே, சர்க்கரை டப்பான்னு உன் வாயிலேருந்து தெறிச்சு விழுந்துச்சு. கட்டிவிட்ட கதைன்னா எந்த டப்பாவா இருந்தா என்ன? மாவோ சர்க்கரையோ. நீ பொறுத்துக்கல. ஏன்?

ஹலினா: எனக்கு நேரமாச்சு. நான் இறங்கணும்.

இர்யா: கதவு என் கையில இருக்கு. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு இறங்கு.

டெல்ஃபின்: படிவம் வேணாம். தேதி வேணாம். குழுவுல சேரும்போது கேட்ட அதே கேள்வி. அன்னைக்குப் பொய் சொல்லித்தானே உள்ள வந்தே? இப்ப சொல்லு. யாரைப் பாத்துக்கறே?

ஹலினா: யாரையும் இல்ல... பாத்துக்கல. எங்கப்பா. விடுதியில விட்டுட்டேன். அன்னைக்கு என்னைப் பாத்து 'நீ யாரு'ன்னு கேட்டப்புறம் நாலு வருஷமா நான் அந்தப் பக்கமே போகல. அவர் சாகல டெல்ஃபின்... வினிபெக்ல, என் ஆபீஸ்லேருந்து ஆறாவது தெருவுல, இன்னும் உயிரோடதான் இருக்கார்.